காலித் தொட்டிக்குத் தீனி

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அம்மோனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் நிறுக்கும் இடத்தில் நின்றவர்களின் மூக்குக்கு அது பழகிய நெடி. வெட்டி எடுத்த பால் சில மணி நேரத்தில் புளித்துக் கட்டியாகத் தொடங்கிவிடும்; அதில் கிருமிகள் பெருகி அமிலம் சுரப்பதே காரணம். அம்மோனியாவைக் கலந்தால் கிருமிகள் அடங்கும், பாலும் உறையாமல் ஆலைக்குப் போய்ச் சேரும். கையுறைக்கும் பலூனுக்கும் பயன்படும் செறிவான ரப்பர் பாலை இன்றும் இப்படித்தான் காக்கிறார்கள்.

அதே அம்மோனியாதான், வீட்டுக் கூடத்தில் புதிதாக வைத்த கடல்மீன் தொட்டியில் மீனைக் கொல்கிறது. மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்தில், ஆசாகான், செலாண்டார் பக்கமாக உள்நாட்டில் இருக்கும் ஊர் நியாலாஸ். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் கப்பியும் சண்டை மீனும் வளர்த்துக் கை தேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் கோமாளி மீன்மேல் ஆசை வரும். தொட்டி, உப்பு, பாறை, விளக்கு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சனிக்கிழமை உப்பு கலந்து ஞாயிற்றுக்கிழமை மீனை விடுவார்கள். தண்ணீர் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் மீன் தீனி எடுக்காது. மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

அந்தத் தண்ணீரில் உப்பும் சரி, வெப்பமும் சரி. இல்லாதது ஒன்றுதான்: அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் உயிர். ரப்பர் பாலில் கிருமிகளை அடக்கி, தொட்டியில் மீனையும் கொல்லும் இந்தப் பொருளையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. மீன் வருவதற்கு முன்னால் அவற்றைக் குடியேற்றிப் பெருக்குவதைத்தான் மீன் வளர்ப்போர் தொட்டியை ‘சைக்கிள்’ பண்ணுவது, அதாவது பழக்குவது, என்கிறார்கள். நாட்காட்டியில் நாள் எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும் காலம் என்று பலர் இதை நினைத்துவிடுகிறார்கள். தீனி போட வேண்டும், அளக்க வேண்டும், கணக்கெழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தை வளர்க்கும் வேலை இது.

செவுளில் கசியும் நஞ்சு

மீன் தின்னும் தீனியில் பெரும்பகுதி புரதம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். உடல் வளர்ச்சிக்குப் போக மிஞ்சும் நைட்ரஜனை நம் உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. சுற்றிலும் தண்ணீர்தானே, அம்மோனியாவாகவே செவுள் வழியாகக் கசியவிட்டுவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகும்போது இன்னும் கொஞ்சம் அம்மோனியா சேரும். கடலில் அது போன இடம் தெரியாது. 200 லிட்டர் தொட்டியில் போக இடமே இல்லை.

வெளிநீரில் அம்மோனியா ஏற ஏற, செவுளிலிருந்து வெளியேற வேண்டியது இரத்தத்திலேயே தங்குகிறது. செவுள் வீங்கும், மூளையின் வேலை குலையும், மீன் சோர்ந்து விழும்.

நன்னீர் மீனில் தப்பித்த கவனக்குறைவு கடல் மீனில் தப்பாததற்கு வேதியியல் காரணம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. மின்னேற்றம் கொண்ட அம்மோனியம் அயனி மீனின் செவுளுக்குள் எளிதில் நுழையாது. மின்னேற்றமில்லாத அம்மோனியா தடையின்றி நுழையும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பிஎச் அளவு. பிஎச் 7 உள்ள நன்னீரில், 25 டிகிரி வெப்பத்தில், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு உருவில் இராது. கடல் நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும்; அங்கே அது நூற்றுக்கு ஏழு வரை போகும். சோதனைக் குழாய் காட்டும் நிறம் இரண்டு தொட்டிக்கும் ஒன்றாக இருந்தாலும், கடல் தொட்டியில் நஞ்சு பத்து மடங்குக்கும் மேல். நச்சு உருவில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மீன் வளர்ப்பில் வழக்கமாகச் சொல்லும் எல்லை. கடல் தொட்டியில் மொத்த அம்மோனியா 0.3 மில்லிகிராம் ஆனாலே அந்த எல்லை வந்துவிடும்.

அம்மோனியாவை நுண்ணுயிர்கள் தின்றதும் முதலில் உண்டாவது நைட்ரைட். இங்கே கதை தலைகீழ். நன்னீரில் நைட்ரைட் கொடியது. குளோரைடை உள்ளிழுக்கும் வழியிலேயே அது மீனின் இரத்தத்துக்குள் புகுந்து, இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அந்த நெரிசலில் நைட்ரைட்டுக்கு வழி கிடைப்பதில்லை. அதனால் கடல் மீனுக்கு நைட்ரைட்டால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் அதை அளக்கிறோம். மீனுக்காக அல்ல, நுண்ணுயிர்களின் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. கடைசியாக உண்டாவது நைட்ரேட். அதைப் பெரும்பாலான மீன்கள் தாங்கும், பவளம்தான் தாங்காது.

தோட்டத்து மண்ணில் நடப்பதும் இதுவே

இந்த வேதியியலுக்குக் கடலே வேண்டியதில்லை. செம்பனை மரத்தடியில் போடும் அம்மோனியம் சல்பேட் உரம் மண்ணில் விழுந்ததும், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்குகின்றன. அம்மோனியம் மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும்; நைட்ரேட் ஒட்டாது. கனமழையில் உரம் அடித்துக்கொண்டு போவதற்கு இது ஒரு காரணம்.

ரப்பர் பால் ஆலைகளின் கழிவுநீர் இன்னும் நெருக்கமான உதாரணம். பாலைக் காக்கப் போட்ட அம்மோனியா கடைசியில் கழிவுநீரில்தான் வந்து நிற்கும். மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஆலைகளும் ரப்பர் ஆலைகளும் ஆறுகளைக் கெடுத்த காலத்துக்குப் பின், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிமுறைகள் வந்தன. அதன்பின் ஆலையோரக் கழிவுநீர்க் குளங்கள் வழக்கமாயின. காற்றில்லாத குளம் ஒன்று, காற்றுப்படும் குளம் ஒன்று என்று வரிசையாக நீரைத் தேக்கி, நுண்ணுயிர்களிடம் வேலையை ஒப்படைக்கும் முறை அது. அந்தக் குளத்தில் நடக்கும் அதே வேலையைத்தான் கூடத்துத் தொட்டியிலும் நடத்தப் பார்க்கிறோம்.

ஒரு குழாய் மணலும் இருபது நாளும்

தொட்டியைப் பழக்கும் முதல் சோதனை பாரிஸில், மீனே இல்லாமல், சாக்கடை நீரில் நடந்தது என்று சொல்லலாம். தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய ஒரு மீட்டர் நீளக் குழாய் வழியாகக் கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நைட்ரேட் தோன்றி, அம்மோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை விலக்கி, தோட்டத்து மண் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடியும் தொடங்கியது. வேலை செய்வது உயிர்தான் என்று 1877இல் முடிவு சொன்னார்கள். அந்த இருபது நாள் தாமதமே அவர்களுக்குக் கிடைத்த சான்று.

இங்கிலாந்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தவர் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ராபர்ட் வாரிங்டன். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொன்று என்று கண்டவர் அவர். அவருடைய தந்தையின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் ஒன்றாக வைத்தால் நீரை மாற்றாமலே தொட்டி நிலைக்கும் என்று 1850இல் காட்டிய வேதியியலாளர் அந்தத் தந்தை. தாவரம் ஆக்சிஜன் தரும், நத்தை அழுகலைத் தின்னும் என்பது அவர் கொடுத்த விளக்கம். தொட்டியின் அடிச்சரளையில் நடந்த பெரிய வேலைக்கான ஆள் யார் என்பதை மகனின் தலைமுறைதான் கண்டது.

ஆனால் மகனாலும் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்க்க முடியவில்லை. மற்றக் கிருமிகளுக்குப் பிடித்த ஜெலட்டின் ஊட்டத்தில் இவை வளர மறுத்தன. அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி, கரிமப் பொருள் எதுவும் இல்லாத வெறும் உப்புக் கரைசலில் அம்மோனியாவை மட்டும் வைத்துப் பார்த்தார். 1890இல் வெற்றி கிடைத்தது. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடலைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. சோறும் குழம்பும் போட்டு இவற்றை வளர்க்க முடியாது.

அடுத்த நூறாண்டும் பாடநூல்கள் இரண்டே பெயர்களைச் சொல்லிவந்தன: நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர். மீன் தொட்டிகள்தான் அந்தப் பாடத்தைத் திருத்தின. 1990களில் டிஎன்ஏ கொண்டு தேடியபோது நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரோபாக்டர் அகப்படவில்லை. அந்த இடத்தில் நைட்ரோஸ்பைரா இருந்தது. 2005இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியாட்டில் கடல்வாழ் காட்சிசாலையின் வெப்பக்கடல் மீன் தொட்டிச் சரளையிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற, உயிர்களின் வேறொரு பெரும்பிரிவு. நைட்ரோசோப்யூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் பெற்ற அது, அம்மோனியா இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறைந்த நீரிலும் பிழைக்கும். அதன் உறவுகள் உலகக் கடல்களில் மிகப் பெருங்கூட்டமாக வாழ்பவை. 2015இல் இன்னொரு வியப்பு: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு கட்டத்தையும் ஒரே உயிர் செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியில்.

ஏன் இவ்வளவு மெதுவாக?

பாலில் ஒரு கரண்டி மோரை ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிறது. தொட்டியில் பழகிய தொட்டி ஒன்றின் கல்லைப் போடுவதும் உறை ஊற்றுவதுதான். ஆனால் இங்கே விடிய ஒரு மாதம் ஆகும். மோரில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பாலின் சர்க்கரை கொழுத்த உணவு. அம்மோனியாவோ ஆற்றல் குறைந்த உணவு. அதிலிருந்து கிடைக்கும் கொஞ்ச ஆற்றலிலும் பெரும்பங்கு உடலுக்கான கார்பனைப் பிடிப்பதற்கே செலவாகிறது. நைட்ரைட் அதைவிடவும் வறிய உணவு.

குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நைட்ரேட் உண்டாக்கும் இந்த உயிர்களுக்கு அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும். ஒன்று ஆயிரமாகப் பெருகப் பத்துத் தடவை இரட்டிக்க வேண்டும். ஈ.கோலைக்கு அது மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இவற்றுக்குப் பத்து நாள். முதல் குழு பெருகி நைட்ரைட்டைத் தந்த பிறகே இரண்டாவது குழுவுக்குச் சாப்பாடு கிடைக்கும். இரண்டு தாமதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால்தான் கடல் தொட்டிக்கு மூன்று முதல் ஆறு வாரம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

சீக்கிரம் முடியட்டும் என்று அம்மோனியாவை அள்ளி ஊற்றினால் எதிர்விளைவுதான் வரும். மின்னேற்றமில்லாத அம்மோனியா அளவு மீறினால் நைட்ரைட்டைத் தின்னும் குழுவை முடக்கிவிடும். கடல் நீரின் பிஎச் உயரமாக இருப்பதால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். வாரக்கணக்கில் நைட்ரைட் இறங்காமல் நிற்கும் தொட்டிகள் பலவற்றில் இதுதான் காரணம்.

கடல் இல்லாத ஊரில் கடல் நீர்

நியாலாஸிலிருந்து மலாக்கா நீரிணைக் கரைக்கு வண்டியில் போய்விடலாம். அதற்காக அங்கே தோம்பில் நீர் மொண்டு வருவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆறுகள் கலக்கும் சேற்றுக்கரை நீர் அது. உப்பு மழைக்கு மழை மாறும். வெளியேயோ உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையே நம்பகமானது. சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் சோடியம் குளோரைடுடன் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 400க்கு மேல் கால்சியம், ஏறக்குறைய அதே அளவு பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் உண்டு.

பாறையும் மணலும் பிடிக்கும் இடம் போக 200 லிட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 7 கிலோ கலவை வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. குழாய் நீரில் இருக்கும் குளோரின் நமக்கு நல்லது, நாம் வளர்க்கப்போகும் கூட்டத்துக்கு நஞ்சு. அதை நீக்கும் மருந்தை விட்டு, அல்லது ஆர்ஓ வடிகட்டி நீரில், பம்பு ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025 வந்தால் போதும். பிறகு நீர் ஆவியாகிக் குறையும்போது நன்னீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கும்.

அடுத்தது தீனி. தனி அம்மோனியம் குளோரைடு உப்பு வாங்கினால் 200 லிட்டருக்கு 1.5 கிராம் போதும். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். வலைத்துணியில் ஒரு பச்சை இறாலைக் கட்டித் தொங்கவிட்டு அழுகவிடுவது பழைய முறை. அதுவும் வேலை செய்யும். அளவுதான் நம் கையில் இராது, வீட்டில் இருப்பவர்களும் கொஞ்ச நாள் முகம் சுளிப்பார்கள். மலிவான டேம்சல் மீனை விட்டு அதன் கழிவாலேயே தொட்டியைப் பழக்கும் வழக்கமும் இருந்தது. செவுள் வெந்து தப்பிப் பிழைக்கும் மீன் பிறகு தொட்டியையே தன் இடமாக்கிக்கொண்டு புதியவர்களை விரட்டும். செய்ய வேண்டிய அவசியமே இல்லாத கொடுமை அது. ரப்பர் பாலுக்கு வைத்திருக்கும் அம்மோனியாவை இதற்கு எடுக்கவே கூடாது. அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கும். பாலைக் காக்கும் வேறு கிருமிநாசினிகளும் அதோடு கலந்திருக்கலாம்.

தீனி போட்டால் மட்டும் போதாது, உறையும் வேண்டும். நன்றாக ஓடும் இன்னொரு கடல் தொட்டியின் கல்லோ வடிகட்டிப் பஞ்சோ கிடைத்தால் வேலை பாதியாகும். வீட்டில் இருக்கும் கப்பித் தொட்டியின் பஞ்சைப் பிழிவது பெரும்பாலும் வீண். நன்னீரில் வாழ்ந்த கூட்டம் திடீரென்று கடல் உப்பைத் தாங்காது. புட்டியில் விற்கும் பாக்டீரியா சில நன்றாக வேலை செய்கின்றன. புட்டியில் இருப்பது உயிர். நம் வெயிலில் லோரியிலும் கடைத்தட்டிலும் வெந்த புட்டியில் அந்த உயிர் மிஞ்சியிருக்குமா என்பதுதான் கேள்வி. அம்மோனியா இறங்குகிறதா என்று அளந்து பார்ப்பது தவிர அதற்கு வேறு விடை இல்லை.

இந்தக் கூட்டம் நீரில் மிதந்து திரிவதில்லை. கல், மணல், பஞ்சு, கண்ணாடி என்று பரப்புகளில் மெல்லிய படலமாக ஒட்டி வாழும். அதனால் தண்ணீரைப் பாதி மாற்றினாலும் கூட்டம் குறையாது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்து அலசினால் அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலச வேண்டும். வெளிச்சமும் இவற்றுக்கு ஆகாது. இந்த மாதம் முழுக்க விளக்கை அணைத்தே வைத்தால் பாசியும் வராது, மின்கட்டணமும் மிச்சம்.

மூச்சும் சுண்ணாம்பும்

ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நாம் போட்ட 2 மில்லிகிராமுக்கு 9 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் கடல் நீர் தன்னுள் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான். நீரில் இருக்கும் அத்தனை ஆக்சிஜனைக் கொடுத்தாலும் ஒரு வேளைத் தீனியைச் செரிக்கப் பற்றாது. நீரின் மேற்பரப்பு ஓயாமல் கலங்கி, புதுக்காற்று கரைந்துகொண்டே இருக்க வேண்டும். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் நின்றுபோனால் மீனும் நுண்ணுயிரும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைப்பது விலை உயர்ந்த விளக்கைவிட முக்கியம். மின்விசிறியை நீரின் மேல் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நுண்ணுயிர்களுக்கு நம் ஊர் வெப்பம் பிரச்சினையில்லை, மீனுக்கும் பவளத்துக்கும்தான்.

இரண்டாவது கணக்கு காரத்தன்மை. நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்குச் சுண்ணாம்புக் கணக்கில் 7 மில்லிகிராம் காரம் கரையும். கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு 120 மில்லிகிராம் அளவில்தான். இரண்டு மில்லிகிராமாகப் பத்துத் தடவை தீனி போட்டால் 140 மில்லிகிராம் காரம் செலவாகிவிட வேண்டும். கையிருப்பைவிடச் செலவு அதிகம். அதற்கு முன்பே பிஎச் இறங்கி, கார்பனும் தீர்ந்து, கூட்டம் வேலைநிறுத்தம் செய்துவிடும். ஷ்லோசிங்கும் மூன்ஸும் மணலோடு சுண்ணாம்புக்கல்லைக் கலந்து வைத்தது சும்மா இல்லை. இப்படி நின்றுபோன தொட்டிக்குப் புட்டி பாக்டீரியா வாங்க ஓட வேண்டாம். பாதி நீரை மாற்றினால் போதும்.

எண்கள் சொல்வது

முதல் வாரம் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது; அம்மோனியா போட்ட அளவிலேயே நிற்கும். பிறகு ஒரு நாள் இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூச்சியம் தொட்டதும் மறுபடி தீனி போட வேண்டும். இல்லாவிட்டால் பெருகிய கூட்டம் பட்டினி கிடக்கும். நைட்ரைட் உச்சத்தில் இருக்கும்போது நைட்ரேட்டை அளப்பதில் பயனில்லை. நைட்ரேட் சோதனை மருந்து முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டும். ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் அதில் சேர்ந்துகொண்டு எண்ணை ஊதிக் காட்டிவிடும். நைட்ரைட் இறங்கிய பிறகு வரும் நைட்ரேட் எண்ணே உண்மை.

தொட்டி தயாரா என்பதற்கு ஒரே தேர்வு போதும். மாலையில் 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருந்தால் தொட்டி தேறியது. அது மூன்றாவது வாரமாகவும் இருக்கலாம், எட்டாவது வாரமாகவும் இருக்கலாம்.

அந்த 2 மில்லிகிராம் எவ்வளவு பெரிய சுமை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் உலர்தீனியில் 45 விழுக்காடு புரதம் என்று வைத்தால் நைட்ரஜன் 70 மில்லிகிராம் அளவில் வரும். அதில் பாதிக்கும் மேல், சுமார் 40 மில்லிகிராம், அம்மோனியாவாக வெளியேறும் என்று கொள்வோம். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதாவது தேர்வில் தேறிய தொட்டி நாளொன்றுக்குப் பத்துக் கிராம் தீனியின் கழிவைச் சமாளிக்கும். இரண்டு சிறு கோமாளி மீன்கள் தின்பது அதில் ஒரு சிறு துணுக்கு.

கல்லுக்குள் முடியும் பயணம்

நைட்ரேட்டோடு வேலை நிற்பதில்லை. துளைகள் நிறைந்த பாறையின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது. அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பிவிடுகின்றன. மேல்தோலில் நைட்ரேட்டை உண்டாக்கும் கூட்டம், உள்ளே அதை அழிக்கும் கூட்டம் என்று ஒரே கல்லில் இரண்டு ஆலைகள். இந்த இரண்டாம் ஆலை ஓடத் தொடங்க இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை நைட்ரேட்டைக் குறைக்க வழி நீரை மாற்றுவதுதான்.

கல்லின் இந்த ஆற்றலை உலகக் கடல்மீன் வளர்ப்பாளர்களுக்குக் காட்டியவர் நம் அண்டை நாட்டுக்காரர். ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளும் காற்றுக்குமிழிகளும் மட்டுமே கொண்டு கடல் தொட்டி நடத்தும் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். அப்போது கடல் தொட்டி என்றால் கிருமி நீக்கிய நீரும் வெளுத்த பவள எலும்புகளும்தான். அவருடைய முறை பரவ இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. இன்றைய பவளத் தொட்டிகள் அதன் வழிவந்தவை.

அதற்காகக் கடலில் கல் உடைக்கப் போகக்கூடாது. மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். உலகளவில் கல்பவளங்களின் வணிகம் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் உலர்ந்த பாறையும் வெந்த களிமண் வளையங்களும் நாளடைவில் அதே வேலையைச் செய்யும். கடலைப் பாழாக்காமல் கடல் தொட்டி வைப்பதற்குக் கொடுக்கும் விலை, சில வாரம் கூடுதலாகக் காத்திருப்பது மட்டுமே.

முதல் மீன்

தேர்வு முடிந்ததும், வாரக்கணக்கில் சேர்ந்த நைட்ரேட்டைப் போக்கப் பாதிக்கும் மேற்பட்ட நீரை மாற்றிவிட்டு, உப்பையும் வெப்பத்தையும் சரிபார்த்து, மீன் வாங்கலாம். கடைக்குப் போக ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த வாரமும் அம்மோனியா போட வேண்டும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் நல்ல தொடக்கம்; கடலில் பிடித்ததைவிடத் தொட்டி வாழ்க்கைக்கு எளிதில் பழகும். விளக்கைப் போட்ட சில நாளில் மணலிலும் கல்லிலும் பழுப்புப் படலம் பரவும். அது டயட்டம் பாசி. புதுத் தொட்டிக்கு வழக்கம். பெரும்பாலும் தானே அடங்கும். அதைக் கண்டு மருந்து ஊற்றினால், பாடுபட்டு வளர்த்த கூட்டத்தையும் அந்த மருந்து பதம் பார்க்கும்.

நுண்ணுயிர்க் கூட்டத்தின் அளவை நிர்ணயிப்பது அதற்குக் கிடைக்கும் தீனி. 2 மில்லிகிராம் அம்மோனியாவுக்குப் பெருகிய கூட்டம், இரண்டு மீன்களின் கழிவை மட்டும் பெறத் தொடங்கினால் சில வாரத்தில் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் மூன்று மாதம் கழித்து ஒரே நாளில் ஆறு மீன்களைக் கொண்டுவந்து விட்டால், பழகிய தொட்டியும் புதுத் தொட்டிபோலவே தடுமாறும். ஒன்றிரண்டாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரம் அம்மோனியாவை அளந்துகொண்டிருங்கள். எண் பூச்சியத்திலேயே நின்றால் அடுத்த மீனுக்கு இடமிருக்கிறது. நிற்காவிட்டால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் இடமில்லை.